காற்றாடி மாறியது, எஞ்சின் முனகுகிறது

கேள்வி: என்னுடையது 28 அடி ஃபைபர் படகு. 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பாறையில் பட்டுக் காற்றாடி (நீரைத் தள்ளிப் படகை நகர்த்தும் புரொப்பெல்லர்) உடைந்துவிட்டது. பழையதில் பிட்ச் 9. “11 போட்டால் வேகம் கூடும்” என்று கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். இப்போது வலையும் மீனும் ஏற்றித் திரும்பும்போது படகு நகரவே மாட்டேன் என்கிறது, எரிபொருளும் அதிகம் குடிக்கிறது. அதே கடையில் கேட்டால் பிஸ்டன் ரிங் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? – மண்டபம் பகுதி வாசகர்

பதில்: மாற்றாதீர்கள். ரிங்குக்கு எடுத்துவைத்த பணம் பெட்டியிலேயே இருக்கட்டும். எஞ்சினைப் பிரிக்கும் முன் அந்தக் காற்றாடியைக் கழற்றுங்கள்.

காற்றாடியில் பொறித்திருக்கும் இரண்டு எண்களில் முதலாவது பொதுவாக விட்டம், அடுத்தது பிட்ச். தண்ணீர் மரக்கட்டைபோல் கெட்டியாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றில் காற்றாடி திருகாணிபோல் எத்தனை அங்குலம் உள்ளே இறங்குமோ அதுதான் பிட்ச். சுற்றுக்கு 2 அங்குலம் கூடுதலாகப் போனால் வேகம் கூடத்தானே வேண்டும்? உங்கள் கடைக்காரர் கணக்கை அங்கேயே நிறுத்திவிட்டார். அந்தச் சுற்றைச் சுற்ற எஞ்சினுக்குத் தெம்பு இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. பாம்பன் பாலத்து ஏற்றத்தில், பின்னால் மீன் கூடையைக் கட்டிக்கொண்டு, கியரைக் குறைக்காமல் நாலாவதிலேயே பைக்கை முறுக்கிப் பாருங்கள். உங்கள் எஞ்சின் இப்போது அப்படித்தான் முனகுகிறது.

தோராயமாக, பிட்ச் 1 அங்குலம் கூடினால் முழு விசையில் எஞ்சின் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று வரை இழக்கும். நீங்கள் 2 அங்குலம் கூட்டியிருக்கிறீர்கள்; 300 முதல் 400 வரை போயிருக்கும். இந்த வகைச் சிறிய எஞ்சின்கள் பலவற்றுக்கு முழு விசையில் 4500 முதல் 5500 சுற்று இருக்க வேண்டும் (உங்கள் எஞ்சினின் கையேட்டில் உள்ளதே சரியான எண்). முன்பு 4900 எட்டியது என்றால் இப்போது 4500-ஐத் தொடுவதே பாடு. ஈர வலையையும் ஐஸ் பெட்டியையும் ஏற்றினால் அதற்கும் கீழே. கைப்பிடியை முழுக்கத் திருகுவதால் எரிபொருள் கொட்டுகிறது, சுற்று வரவில்லை. பிளக் கறுக்கும், கரி படியும், சூடு ஏறும். இப்படியே ஓட்டினால் நாளடைவில் ரிங் உண்மையிலேயே போய்விடும். கடைக்காரர் வாக்கு பலித்துவிடும்!

சோதனை எளிது. பிளக் ஒயரில் சுற்றி வைக்கும் சுற்றுமானி ஒன்றை இரவல் வாங்குங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு பொறி என்ற அமைப்பில் அது இருக்கிறதா என்று பாருங்கள். தவறினால் பாதியையோ இரட்டிப்பையோ காட்டி உங்களைக் குழப்பும். அமைதியான கடலில், வழக்கமான ஆட்களோடும் சுமையோடும், முழு விசையில் படியுங்கள். வெறும் படகில் பார்த்த எண் எதற்கும் உதவாது. சுமையோடு 5000-ஐ ஒட்டி வரும் காற்றாடியே உங்களுக்கானது. அநேகமாகப் பழைய பிட்ச் அளவான 9 போதும். அதிலும் எட்டவில்லை என்றால் 8.

எஞ்சின் மானியத்துக்காக மீன்வளத் துறை அலுவலகத்துக்கு எத்தனை முறை அலைந்திருப்பீர்கள்? படகின் எடை என்ன, எந்த வலை ஏற்றுகிறீர்கள் என்று அங்கே ஒருவராவது கேட்டாரா? பெட்டியில் எது வந்ததோ அதுதான் காற்றாடி. அந்த இடைவெளியில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

அவர்களில் மோசமானவர், ஒட்டிய காற்றாடியைத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் புதியது என்று விற்பவர். வளைந்த இறக்கையைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினால் அதன் பிட்ச் மாறிவிடும். பொறித்த எண் மட்டும் மாறாது. ஓர் இறக்கை 9, இன்னொன்று 10 என்று நின்றால் அதிர்வு வரும். அந்த அதிர்வில் அடிப்பகுதி கியர் பெட்டியின் ஆயில் சீல் கெட்டுக் கடல்நீர் உள்ளே போகும். கியர் எண்ணெய் பால் கலந்த காபிபோல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது. வாங்கும்போது மேசையில் படுக்க வைத்து, ஒவ்வோர் இறக்கையின் நுனியும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று குச்சி வைத்து அளந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ஒன்றை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். எஞ்சின் முனகாமல் கூச்சலிட்டு, படகு மட்டும் நகராமல் நின்றால் பிட்ச் காரணமாக இருக்காது. காற்றாடியின் நடுவில் உள்ள ரப்பர் புஷ் வழுக்கலாம். பாறையில் அடிபட்டால், கியர் உடையாமல் அடியைத் தாங்குவது அந்த ரப்பர்தான். மெதுவாகப் போகும்போது ஒழுங்காக இருக்கும், விசை கூட்டினால் வழுக்கும். ஆகவே கரையில் கையால் சுற்றிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள் உலோகக் குழாயையும் வெளிக் கூட்டையும் சேர்த்து ஒரு கோடு கீறுங்கள். கடலில் முழு விசையில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் புஷ் போய்விட்டது. உங்கள் படகில் கூச்சல் இல்லை, முனகல்தான். ஆனால் அடுத்த முறை பாறையில் பட்டால் இது நினைவிருக்கட்டும்.

உடைந்த பழைய காற்றாடியை எடைக்குப் போட்டுவிடவில்லையே? அதிலுள்ள இரண்டு எண்களையும் எஞ்சின் மூடியின் உட்புறம் எழுதி வையுங்கள். காற்றாடியை ஒட்டவைத்துப் படகிலேயே போட்டுவையுங்கள். நடுக்கடலில் ஒன்று உடைந்தால் மெல்ல ஓட்டிக் கரை சேர அது போதும்.