மழைக்காட்டுக்குப் பிள்ளைகளோடு: வாசகர் கேள்வி பதில்

வால்பாறைப் பக்கம் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி, ஓய்வு பெற்ற பிறகும் மலையை விட்டு இறங்க மனமில்லாமல் இங்கேயே தங்கிவிட்டவள் நான். லீவு நெருங்குவதால் இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குடும்பத்தோடு ஆனைமலைக் காடு பார்க்க வருவதைப் பற்றியவை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன்.

டீச்சர், அரையாண்டு விடுமுறைக்குக் காடு பார்க்க வருகிறோம். மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஆறு. மகன் புலி பார்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். வால்பாறை போவதா, டாப்ஸ்லிப் போவதா? மூன்று நாளில் இரண்டையும் பார்க்கலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

கிளம்புவதற்கு முன்பே மகனிடம் பேசிவிடுங்கள், அம்மா. இது புலிகள் காப்பகம்தான், புலியும் உண்டு. ஆனால் பார்க்கக் கிடைக்காது என்றே நினைத்துக்கொண்டு வரட்டும். வட இந்தியாவில் காய்ந்த காட்டில் ஜீப்புக்கு முன்னால் புலி நடந்து போகிற வீடியோவைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள்தான் இங்கே முகம் வாடிப்போகிறார்கள். மழைக்காட்டின் அமைப்பே வேறு. நூறு அடிக்கு மேல் வளர்ந்த மரங்கள், அவற்றின் நிழலில் இன்னொரு அடுக்கு மரங்கள், அதற்கும் கீழே பிரம்பும் புதரும். இருபதடி தள்ளி ஒரு காட்டுமாடு நின்றால்கூடச் சில நேரம் கண்ணுக்குத் தெரியாது. பழம், பூ, தளிர் எல்லாம் உச்சியில் இருப்பதால் அவற்றைத் தின்கிற உயிர்களும் உச்சியிலேயே குடியிருக்கின்றன. அண்ணாந்து பார்க்கவும், ஓரிடத்தில் அரை மணி நேரம் நிற்கவும் பிள்ளைகள் பழகிவிட்டால் இந்தக் காடு கை நிறையக் கொடுக்கும்.

மூன்று நாளில் இரண்டும் வேண்டாம். டாப்ஸ்லிப்புக்கு சேத்துமடை வழி, வால்பாறைக்கு ஆழியாறு வழி. இரண்டுக்கும் நடுவே பாதி நேரம் காரிலேயே கழிந்துவிடும். டாப்ஸ்லிப்பைச் சுற்றித் தேக்கும் மூங்கிலும் அதிகம். வனத்துறை வண்டியில் போனால் மான், மயில், காட்டுமாடு எல்லாம் சுலபமாகக் கண்ணில் படும். கோழிகமுத்தி யானை முகாமும் அங்கேதான். மழைக்காட்டைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் வால்பாறையைத் தேர்ந்தெடுங்கள். தேயிலைக்கு நடுநடுவே பழைய காட்டின் துண்டுகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. காட்டுக்குள் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். ஆனால் தார்ச்சாலை ஓரத்தில் நின்றே பார்க்கக் கிடைப்பது ஏராளம்.

வந்ததும் தங்குமிடத்துக்காரரிடம் அருவி எங்கே, வியூ பாயிண்ட் எங்கே என்று கேட்பதற்கு முன்னால், "எந்த அத்தி மரம் இப்போது பழுத்திருக்கிறது?" என்று கேளுங்கள். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கண்டிப்பாகத் தெரியும். நன்றாக விடிந்த பிறகு, ஏழு மணி வாக்கில், அந்த மரம் தெரிகிற மாதிரி சாலையோரம் நில்லுங்கள். பச்சைப்புறாக்கள் இலையோடு இலையாக இருக்கும். கிளை அசையும்போதுதான் அத்தனை பேர் இருப்பது தெரியும். குக்குறுவான் விடாமல் கூவும். மலையணில் பின்னங்காலால் கிளையைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, முன்னங்கை இரண்டிலும் பழத்தை வைத்துத் தின்னும். கருமந்திக் கூட்டம் வந்தால் முதலில் கேட்பது அவற்றின் "ஹூ… ஹூ…" குரல்தான்.

அப்புறம் இருவாச்சி. அது வருவது பார்ப்பதற்கு முன்பே காதில் விழும். ஈரப் போர்வையை யாரோ வேகமாக உதறுகிற மாதிரி ஒரு சத்தம். நான்கடி நீளப் பறவை, பெரிய மஞ்சள் அலகு, அதன் மேல் இன்னொரு மஞ்சள் கொண்டை. பழத்தை அலகின் நுனியில் பறித்து, மேலே சுண்டி, தொண்டைக்குள் விழவைக்கும். உங்கள் மகனை அதை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பழத்துக்கும் அப்படித்தான் செய்யும், அநேகமாகத் தவறவிடாது. அது வேறெங்கோ போய்க் கக்குகிற விதைதான் காட்டில் அடுத்த மரமாக முளைக்கிறது என்பதையும் சொல்லுங்கள். பத்து வயதுக்கு அது புரியும்.

ஜனவரிக்கு மேல் வந்தால் இருவாச்சிக் கூடு பார்க்கலாம் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், மதுரை

உண்மைதான். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கூடு கட்டும் காலம். பெண் பறவை பெரிய மரத்தின் பொந்துக்குள் போய், தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் கொண்டு வாசலை அடைத்துவிடும். ஒரு சிறு பிளவு மட்டும் திறந்திருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் அதற்கும் குஞ்சுக்கும் ஆண் பறவைதான் சோறு போட வேண்டும். மரத்தடியில் ஆள் நின்றால் ஆண் பறவை பக்கத்தில் வராது, அடுத்த மரத்தில் உட்கார்ந்து காத்திருக்கும். நீங்கள் ஒரு மணி நேரம் நின்றால் உள்ளே இருக்கிறவர்கள் ஒரு மணி நேரம் பட்டினி. அதனால் கூட்டைத் தேடிப் போகாதீர்கள். கூட்டுக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்துகிறேன் என்று சொல்லும் வழிகாட்டியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழ மரத்தில் வரும் இருவாச்சியைத் தாராளமாகப் பார்க்கலாம்.

புதுத்தோட்டம் அருகே காரை நிறுத்தினோம். சிங்கவால் குரங்குகள் பக்கத்திலேயே வந்தன. பிள்ளைகள் ஆசையாக பிஸ்கட் கொடுத்தார்கள். அங்கே நின்ற ஒருவர் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டார். வாயில்லா ஜீவனுக்குக் கொடுப்பது புண்ணியம்தானே, டீச்சர்?
– ஒரு வாசகி, கோவை

உங்கள் பிள்ளைகளின் மனசு நல்ல மனசு. ஆனால் சத்தம் போட்டவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. அநேகமாக அவர் குரங்குகள் சாலையைக் கடக்கும்போது வண்டிகளைத் தடுத்து நிற்கும் காவலராக இருப்பார்.

கறுப்பு உடம்பும் முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரியும் கொண்ட இந்தக் குரங்கு, உலகத்திலேயே நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் இருக்கிறது. காட்டில் மிஞ்சியிருப்பவை 4,000-க்குள் என்பது மதிப்பீடு. உச்சிக் கிளையிலேயே பிறந்து, வெடிப்பலாவும் பூச்சியும் தின்று, மண்ணை அதிகம் மிதிக்காமல் வாழ்கிற விலங்கு அது. காடு துண்டு துண்டாகிப் போனதால் சாலையைக் கடக்க வேண்டிய நிலை. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு தாய்க்குரங்குகள் அதன் மேல் போவதை நான் பார்த்திருக்கிறேன். பிஸ்கட் ருசி கண்ட குரங்கு அந்தப் பாலத்தை விட்டுவிட்டுத் தார்ச்சாலையில் உட்கார்ந்து அடுத்த காருக்காகக் காத்திருக்கிறது. வளைவில் வேகமாக வரும் வண்டி அதைப் பார்ப்பதில்லை. நம் சளியும் காய்ச்சலும் அதற்குத் தொற்றக்கூடும். அப்புறம் வீட்டுக் கூரையைப் பிரித்துச் சமையலறைக்குள் புகுந்தால், திட்டும் அடியும் அதற்குத்தான். வனத்துறை அபராதம் போடுவதும் இதற்காகத்தான்.

அடுத்த முறை கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தே பாருங்கள். இலையைப் புரட்டி, பட்டையை உரித்து, விரலால் பூச்சியைத் தேடி எடுப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். கையில் ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்துகொண்ட கூட்டம்தான் அதன் இயல்பான வேலையைச் செய்யும்.

அட்டை கடிக்குமாமே! என் மகள் அதைக் கேட்டதிலிருந்து வரமாட்டேன் என்கிறாள். கொண்டை ஊசி வளைவில் வாந்தி வேறு எடுப்பாள்.
– ஒரு வாசகர், சேலம்

அட்டையைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். ஜூன் முதல் நவம்பர் வரை மழைக்காலத்தில் அதிகம், ஜனவரி பிறந்தால் வெகுவாகக் குறைந்துவிடும். சருகின் மேல் பின்பக்கத்தை ஊன்றிக்கொண்டு, நூல் கனத்தில் எழுந்து நின்று, முன்பக்கத்தை இப்படியும் அப்படியும் ஆட்டி நம் சூட்டையும் மூச்சையும் தேடும். கடித்தால் வலிக்காது. ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால், கீழே விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் ரத்தம் கசியும். பிள்ளைகள் மிரள்வது அதைப் பார்த்துத்தான். பிய்த்து இழுக்காதீர்கள். நகத்தை வாய்ப்பக்கம் கொடுத்துத் தள்ளினால் விட்டுவிடும். கழுவி, ஒரு பஞ்சை அழுத்திப் பிடித்தால் போதும். முழங்கால் வரை வரும் நெருக்கமான துணியில் அட்டை உறை விற்கிறார்கள், பேன்ட்டை அதற்குள் செருகிவிட்டால் பெரும்பாலும் கடிக்கே வேலையில்லை. உப்பைப் பொட்டலம் பொட்டலமாக வழியெல்லாம் தூவிக்கொண்டு போகிறார்கள் சிலர், அது வேண்டாம்.

வாந்திக்கு: ஆழியாறிலிருந்து மேலே 40 வளைவுகள். வெறும் வயிற்றோடும் ஏற வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். போனைக் கையில் கொடுக்காதீர்கள், தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்பதாவது வளைவில் இறங்கிக் காற்று வாங்குங்கள். ஆழியாறு அணை கீழே தெரியும். பாறைச் சரிவில் வரையாடு நின்றாலும் நிற்கும், நம் மாநில விலங்கு. அதற்கும் தீனி கொடுக்கக் கூடாது.

நாங்கள் தங்கப்போகும் இடத்தில் ராத்திரி ஜீப்பில் கூட்டிப்போய் யானை காட்டுகிறோம் என்கிறார்கள். பிள்ளைகளோடு போகலாமா?
– ஒரு வாசகர், சென்னை

போகாதீர்கள். அனுமதி இல்லாத வேலை அது, ஆபத்தும்கூட.

இங்கே யானைகள் பகலில் காட்டுத் துண்டுகளிலும் ஓடைக்கரைப் புதரிலும் ஒதுங்கி நிற்கும். சாயங்காலத்துக்கு மேல் தேயிலை வழியாக அடுத்த காட்டுக்குப் போகும். அந்த நேரத்தில் குட்டியோடு போகும் யானைக்கு எதிரே விளக்கைப் பாய்ச்சினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்பிய தொழிலாளர்கள் யானைக்கு எதிரே மாட்டிக்கொண்டு உயிரை விட்ட ஊர் இது. அதைத் தடுக்கத்தான் இயற்கை காப்புக் கழகத்தின் ஆய்வாளர்கள், யானை எங்கே நிற்கிறது என்பதை 2011 முதல் தொழிலாளர்களுக்குக் குறுஞ்செய்தியில் சொல்லி வருகிறார்கள். உயரமான இடங்களில் சிவப்பு விளக்கும் வைத்திருக்கிறார்கள். விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று அர்த்தம். சாயங்காலம் அந்த விளக்கைப் பிள்ளைகளுக்குக் காட்டி, அதன் கதையைச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். இங்கே சிறுத்தையிடம் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் உண்டு, வெளிச்சம் மங்கும் நேரத்தில், வீட்டு வாசலிலேயே. ஆறு மணிக்கு மேல் சிறு பிள்ளையைத் தனியாக முற்றத்துக்குக்கூட அனுப்பாதீர்கள்.

ராத்திரியில் காடு பார்க்க ஆசையா? தாழ்வாரத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன் மேல் விளக்கு விழும்படி வைத்துவிட்டுக் கதவோரம் பெரியவர்களோடு உட்காருங்கள். அரை மணி நேரத்தில் அந்துப்பூச்சிகள் வரத் தொடங்கும். இலைநரம்பு போட்டவை, கண் வரைந்தவை, மரப்பட்டை நிறத்தவை. பிள்ளைகள் படம் வரையட்டும். தூங்கப்போகும்போது விளக்கை அணைத்துவிடுங்கள், அவை தங்கள் வேலைக்குப் போக வேண்டும்.

பைனாகுலர் அவசியமா? என்ன நிறத்தில் உடுத்துவது?
– ஒரு வாசகர், ஈரோடு

அவசியம். 8x42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள், சிறு கைக்கு 8x30. அதற்கு மேல் பெரிதாக்கிக் காட்டுவதெல்லாம் கை நடுக்கத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். பச்சை, பழுப்பு, சாம்பல் நிறத்தில் உடுத்துங்கள். சென்ட் வேண்டாம்.

மாமியாருக்கு மூட்டுவலி. அவரை விட்டுவிட்டு வரவும் மனமில்லை. நடக்காமல் என்ன பார்ப்பார்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

கட்டாயம் கூட்டி வாருங்கள். ஓடும் தண்ணீர் பக்கத்தில் இருக்கிற, மரங்கள் தெரிகிற தாழ்வாரமுள்ள இடமாகப் பார்த்துத் தங்குங்கள். விடிவதற்கு முன்னால் சீகாரப்பூங்குயில் சீட்டியடிக்கும். படுக்கையில் இருந்தபடியே கேட்கலாம். வெயில் வந்ததும் எதிரே இருக்கும் மரத்தண்டை அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும் பறக்கும் ஓணான், தொண்டையிலிருந்து மஞ்சள் மடிப்பொன்றை நீட்டி நீட்டி மடக்கும். அது அசையும் வரை இருப்பதே தெரியாது. பிறகு விலாவை விரித்து அடுத்த மரத்துக்குச் சறுக்கிப் போய்விடும். அலைகிற பிள்ளைகளைவிட உட்கார்ந்திருக்கிற பாட்டிகள்தான் இதை முதலில் கண்டுபிடிக்கிறார்கள்.

டிசம்பரில் குளிர் மூட்டைப் பிடிக்கும். கம்பளி சாக்ஸும் வெந்நீர்ப் பையும் எடுத்து வாருங்கள். வழக்கமான மாத்திரைகளைப் பொள்ளாச்சியிலேயே வாங்கிவிடுங்கள். வால்பாறைக்கு இ-பாஸ் முறை வந்திருப்பதால் கிளம்பும் முன்பே பதிவு செய்துவிட்டால் சோதனைச்சாவடியில் அவரைக் காக்க வைக்க வேண்டியிருக்காது.