கேஸ் அடுப்பில் தேங்காய் சுடலாமா?

கேள்வி: ஆடி 1 அன்று நம் ஊரில் தேங்காய் சுடுவது, மகாபாரதப் போர் அன்றைக்குத் தொடங்கி ஆடி 18-ல் முடிந்ததன் நினைவாக என்கிறார்களே, ஆதாரம் உண்டா? எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் புகை வருகிறது என்று தடை போட்டுவிட்டார்கள். கேஸ் அடுப்பில் சுட்டால் பலன் கிடைக்குமா?
- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: போரின் முதல் நாளில்தான் கண்ணன் கீதை சொன்னான். அந்த நாளைக் கொண்டாடும் கீதா ஜெயந்தி வருவதோ மார்கழியை ஒட்டி. அப்படியானால் ஆடியில் நடந்தது எந்தப் போர்? போர் 18 நாள், ஆடிப் பெருக்கும் 18. யாரோ அழகாக முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். ஆதாரம் இல்லை என்றால் சுடாமல் விட்டுவிடுவீர்களா?

சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர், தருமபுரி தாண்டினால் இந்தப் பண்டிகையைச் சொன்னாலே சிரிக்கிறார்கள். "தேங்காயைச் சுடுவதா? எங்கிருந்து?" என்று கேட்ட மதுரை நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

பலன் வேண்டுமா? நாரை உரித்து, ஓடு வழவழவென்று ஆகும்வரை வாசல் தரையில் தேய்க்க வேண்டும். பிள்ளைகளின் கை அரை மணி நேரம் செல்போனைத் தொடாது. தேங்காயின் ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடித்து, பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், எள் போட்டு, வடித்த தண்ணீரில் கொஞ்சம் திரும்ப ஊற்றி, சீவிய அழிஞ்சி மரக் குச்சியால் அடைத்து, மேலே மஞ்சள் பூசி நெருப்பில் காட்டித் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடு கருகி, 'பட்'டென்று ஒரு விரிசல் விடும். பிள்ளையாருக்கு வைத்துவிட்டு உடைத்தால், புகை வாசத்தோடு அரைவேக்காட்டுப் பூரணம். தலை ஆடிக்கு வந்த மாப்பிள்ளைக்கும் அதில் ஒரு சில்லுதான். இவ்வளவுதான் பலன்.

கேஸ் அடுப்பில் சுட்டால் விரிசல் வழியாக வெல்லப்பாகு இறங்கி பர்னரை அடைக்கும். மறுநாள் வீட்டில் தொடங்கும் போருக்கு வேண்டுமானால் ஆதாரம் கிடைக்கும்.

அப்புறம் அந்தத் தடை. தீபாவளிக்கு உங்கள் குடியிருப்பில் சரவெடி வெடிப்பதில்லையா? நம் சேலத்துக் குகைப் பகுதியில் ஆடித் திருவிழாவுக்குச் சாமி வேடமிட்டு அலங்கார லாரிகளில் வரும் வண்டி வேடிக்கையைப் பார்க்க இதே ஆட்கள் லாரிகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு நிற்பதில்லையா? புகை அங்கே உறுத்தவில்லை. இங்கே உறுத்துவது பார்க்கிங்கில் விழும் கரி. ஆளுக்கொரு நெருப்பு மூட்டாமல் மதிலோரம் எல்லாருக்குமாக ஒன்று மூட்டுகிறோம், கரியை நாங்களே அள்ளுகிறோம் என்று சங்கத்தில் எழுதிக் கொடுங்கள். செயலாளரின் பேரனிடம் ஒரு தேங்காயைக் கொடுத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், கடிதத்தைவிட அது வேகமாக வேலை செய்யும்.

குச்சியை மட்டும் பார்த்து வாங்குங்கள். போன வருடம் சாலையோரத்தில் ஏதோ ஒரு குச்சியை அழிஞ்சி என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். தேங்காய் சூடேறும் முன்பே ஒடிந்து நெருப்பில் விழுந்தது.