கோடை விடுமுறையில் சின்னக் குழந்தைகளை எப்படிப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது?

இரண்டு வயதில் ஒன்று, ஏழு வயதில் ஒன்று, விடுமுறை தொடங்கப் போகிறது, வெயிலை நினைத்தாலே பயமாக இருக்கிறது, எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வெயிலுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் தண்ணீர். குடிக்கிற தண்ணீர் இல்லை, விழுகிற தண்ணீர்.

நான் மருத்துவர் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அப்பா, அவ்வளவுதான். ஆனால் ஒரு கோடையில் பட்டது நன்றாகவே பட்டேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் சொந்தக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து நீச்சல் குளம் இருக்கிற ஓரிடத்தில் தங்கியிருந்தோம். குளத்தைச் சுற்றிப் பெரியவர்கள் மட்டும் ஏழு பேர். என் சின்னவளுக்கு அப்போது மூன்று வயது. ஆழமில்லாத பக்கம் படியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் நாலடி தள்ளி நாற்காலியில், போனில் ஏதோ ஒரு செய்திக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தேன்.

"சித்தப்பா, பாப்பா!"

கத்தியது அண்ணன் மகள். அவளுக்கே பத்து வயதுதான். திரும்பிப் பார்த்தால் குழந்தையின் நெற்றி மட்டும் தண்ணீருக்கு மேலே வந்து வந்து போகிறது. ஈர முடி கண்ணை மூடிக் கிடக்கிறது, அதை ஒதுக்கக் கை வரவில்லை. இரண்டு கையும் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரை அழுத்துகின்றன, இல்லாத ஏணியில் ஏறப் பார்ப்பது போல. ஒரு சத்தம் இல்லை. தண்ணீர் தெறிக்கக்கூட இல்லை. அவளுக்கு மிகப் பக்கத்தில் நின்றிருந்த என் அக்கா, குழந்தை முங்கு நீச்சல் விளையாடுகிறாள் என்று நினைத்தாராம்.

தூக்கினேன். இருமினாள், வாந்தி எடுத்தாள், அப்புறம் அழுதாள். அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. அடுத்த சில மணி நேரம் விடாத இருமலோ மூச்சுத் திணறலோ வழக்கமில்லாத தூக்கமோ இருந்தால் உடனே கொண்டு வாருங்கள் என்று மருத்துவர் சொன்னதால், அன்று ராத்திரி முழுக்க அவள் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது தேடிப் படித்ததுதான் இது. மூழ்குகிறவர் "காப்பாத்துங்க" என்று கத்துவதும் கையை ஆட்டுவதும் பெரும்பாலும் சினிமாவில்தான். வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அரை நொடியில் மூச்சை இழுக்கவே நேரம் போதாது, குரலுக்கு எங்கே போவது? கைகள் தன்னிச்சையாகத் தண்ணீரை அழுத்தும், ஆட்ட முடியாது. இப்படி மேல்மட்டத்தில் போராடுவது 20 முதல் 60 நொடிதான். 2021-ல் மட்டும் உலகம் முழுக்க ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள், அவர்களில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஏழு பேர் இருந்ததுதான் எங்கள் பிரச்சினையே. ஒவ்வொருவரும் மற்ற ஆறு பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டோம். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் ஒரு சிவப்புத் தொப்பி வந்தது. குளமோ, ஆறோ, கடலோ, தொப்பி போட்டவர்தான் காவல். போன் கையில் இருக்கக் கூடாது, அரட்டை கூடாது, 15 நிமிடம் ஆனதும் அடுத்தவர் தலையில் வைத்து, "இப்ப நீங்க" என்று வாயால் சொல்ல வேண்டும். என் மாமனார்கூட முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொள்வார். உங்கள் சின்னதைப் போல இரண்டு வயதுக் குழந்தை என்றால் தொப்பி போட்டவரும் தண்ணீருக்குள், கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். கையில் மாட்டுகிற காற்றடைத்த பட்டைகளை நம்பாதீர்கள். அவை விளையாட்டுச் சாமான், உயிர் காக்கும் கவசம் இல்லை. நீச்சல் கற்றுக்கொடுப்பது மிக நல்லது, ஆனால் கற்ற பிள்ளைக்கும் காவல் வேண்டும்.

வீட்டுக்குள்ளும் இதே ஆபத்து உண்டு. இரண்டு வயதுக் குழந்தைக்கு உடம்போடு பார்த்தால் தலை கனம் அதிகம். வாளிக்குள் எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் திரும்ப நிமிரத் தெரியாது. 5 சென்டிமீட்டர் தண்ணீர் போதும், மூக்கும் வாயும் மூழ்கிவிடும். கோடையில் தண்ணீர் பிடித்து வைப்பதும் அதிகம், தண்ணீரில் விளையாட விடுவதும் அதிகம்.

ஒருவேளை நடந்துவிட்டால்: குழந்தையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அழுத்தித் தண்ணீரை எடுக்கப் பார்ப்பது இரண்டும் தவறு. அழுத்தினால் வாந்தி நுரையீரலுக்குள் போகும், நேரமும் போகும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும், பிறகு மார்பை அழுத்த வேண்டும், ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு நாள் முதலுதவிப் பயிற்சிக்குப் போய், பொம்மையை அழுத்திப் பழகி வாருங்கள். கணவன் மனைவி இரண்டு பேரும்.

அடுத்தது, நிறுத்தி வைத்த கார். "ரெண்டு நிமிஷம், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விட்டுட்டுப் போறேன்" என்று நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், வெளியே 22 டிகிரி மட்டுமே இருந்த நாளில்கூட ஒரு மணி நேரத்தில் காருக்குள் 47 டிகிரி வரை ஏறியிருந்தது. ஏறியதில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்ததால் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும்.

விட்டுவிட்டுப் போகிறவர்களைவிட மறந்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம் என்பதுதான் இதில் பயங்கரம். அன்பில்லாதவர்கள் இல்லை அவர்கள். வழக்கமாகக் குழந்தையைக் கூட்டிப் போகாதவர் ஒரு நாள் கூட்டிப் போகும்போது, பின்சீட்டில் குழந்தை தூங்கிவிட்டால், மூளை பழகிய வழியிலேயே ஓட்டிக்கொண்டு போய்விடும். நான் செய்வது இதுதான்: குழந்தை காரில் இருந்தால் என் பையும் போனும் பின்சீட்டில்தான், அவள் காலடியில். அதை எடுக்காமல் இறங்கிப் போக முடியாது. நின்றிருக்கும் காரை எப்போதும் பூட்டியே வையுங்கள், சாவி பிள்ளைகளுக்கு எட்டக் கூடாது, ஒளிந்து விளையாட அதைவிட நல்ல இடம் அவர்களுக்கு இல்லை. பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் தண்ணீர் இருக்கிற இடம், அப்புறம் காரின் உள்ளேயும் டிக்கியிலும். மற்ற இடமெல்லாம் அதற்குப் பிறகு.

இனி வெயில்.

மூத்தவள் விளையாடப் போனால் தாகம், பசி, கூப்பிடும் குரல் எதுவும் காதில் ஏறாது. போன வருடம் நண்பகலில் ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு வந்தவள், வாசலிலேயே செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் படுத்துவிட்டாள். எப்போதும் வாய் ஓயாத பெண், கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. "தலை வலிக்குது, லைட்டை அணை" என்றாள். லைட் எரியவே இல்லை. முகம் வெளிறி, உடம்பெல்லாம் சில்லென்ற வியர்வை. நான் பதற்றத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடிக்க வைத்தேன், அத்தனையும் வாந்தியாக வந்தது. மனைவிதான் சட்டையைக் கழற்றி, ஈரத் துணியால் உடம்பு முழுக்கத் துடைத்து, ஃபேனைப் போட்டு, ஒவ்வொரு மிடறாகக் கொடுத்தாள். அரை மணி நேரத்தில் எழுந்து, "யாரு ஜெயிச்சா?" என்று கேட்டாள்.

அது வெப்பச் சோர்வு. அந்த அரை மணியில் அவள் தேறாமல் இருந்திருந்தாலோ, பேச்சு குழறியிருந்தாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் உளறியிருந்தாலோ, வலிப்பு வந்திருந்தாலோ, நடை தள்ளாடியிருந்தாலோ அது ஹீட் ஸ்ட்ரோக். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போய் மூளை தடுமாறுகிறது என்று அர்த்தம். "வியர்க்கிறதே, அப்போ ஹீட் ஸ்ட்ரோக் இல்லை" என்று ஆறுதல் அடையாதீர்கள், ஓடி விளையாடி வருகிற ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்வை கொட்டவும் செய்யும். குழப்பம்தான் அடையாளம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் குளிர வைக்க வேண்டும்: நிழல், துணியைக் கழற்றி உடம்பெல்லாம் தண்ணீர், விசிறல், கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் பனிக்கட்டி சுற்றிய துணி. நினைவில்லாத குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இதற்கு உதவாது. அது காய்ச்சலுக்கான மருந்து, இது காய்ச்சல் இல்லை.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு: வெளியில் விளையாட்டு காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை நான் பாட்டிலோடு போய் நிற்பேன், தாகம் எடுக்கிறதா என்று கேட்பதில்லை, கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். விடுமுறை தொடங்கிய முதல் வாரம் இன்னும் கண்டிப்பு. பல மாதம் வகுப்பறையில் இருந்த உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று இரண்டு வாரம் ஆகும். அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஃபேன் மட்டும் போதாது. சூடான காற்றைத்தான் உடம்பின் மேல் அடிக்கும். அப்போது குளிர்ச்சியான வேறு இடம் தேட வேண்டும்.

போதுமான தண்ணீர் குடித்திருக்கிறார்களா என்பதைச் சிறுநீரின் நிறம் சொல்லும். மூத்தவள் கழிவறையிலிருந்தே "வெள்ளை", "மஞ்சள்" என்று கத்திவிடுவாள், விருந்தினர் இருந்தாலும். உங்கள் சின்னதுக்கு டயப்பரைப் பாருங்கள். ஆறு மணி நேரமாக நனையவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, வாய் உலர்ந்திருக்கிறது, கண் குழி விழுந்திருக்கிறது என்றால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. படிக்கிற வேறு யாருக்காவது கைக்குழந்தை இருந்தால்: ஆறு மாதம் வரை எவ்வளவு வெயிலானாலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலே பெரும்பகுதி தண்ணீர்தான், அடிக்கடி கொடுத்தால் போதும். தள்ளுவண்டியைத் துணியால் மூடிக்கொண்டும் போகாதீர்கள், காற்று நின்று உள்ளே வெந்துவிடும்.

கோடையில் வயிற்றுப்போக்கு வராத வீடு அபூர்வம், ஓஆர்எஸ் பாக்கெட் கையில் இருக்கட்டும். ஆனால் அதைக் கலக்குவதில் படித்தவர்களே தவறு செய்கிறார்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட் என்றால் முழுதும் பிரித்து, அளந்த ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கொட்ட வேண்டும். "ஒரு டம்ளருக்குக் கால் பாக்கெட்" என்று கண்ணளவில் போட்டால் உப்பு கூடிப்போய் குழந்தைக்கு ஆபத்தாகும். சர்க்கரை, பழச்சாறு எதையும் சேர்க்காதீர்கள். கலக்கியதை 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, அதற்கு மேலே 100 முதல் 200 மில்லி, ஸ்பூனால் மெதுவாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு இன்னும் மெதுவாக. மலத்தில் ரத்தம் இருந்தாலோ எதுவுமே உள்ளே நிற்கவில்லை என்றாலோ மருத்துவரிடம்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. வெயிலில் கிடந்த சறுக்கு மரமும் சீட் பெல்ட் பக்கிளும் சின்னக் குழந்தையின் தோலைச் சில நொடியில் சுட்டுவிடும், உட்கார வைக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் சறுக்கு மரமும் சுடும். வியர்க்குருவுக்குப் பவுடரைக் கொட்ட வேண்டாம், அது மூச்சில் போகும். தளர்ந்த பருத்தித் துணியும் குளியலும் போதும். சன்ஸ்கிரீன் போட்டால் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. சமைத்ததை 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். தேங்கிய தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டுங்கள், டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

இவ்வளவையும் படித்துவிட்டுப் பிள்ளைகளை இரண்டு மாதம் டிவி முன்னால் பூட்டி வைத்துவிடாதீர்கள். வெளிச்சத்தில் விளையாடுகிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு என்று கண் மருத்துவர்களே சொல்கிறார்கள். என் சின்னவள் அந்தக் குளத்துக்குப் பிறகு ஒரு வருடம் தண்ணீரைக் கண்டாலே என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். அடுத்த கோடையில் நீச்சல் வகுப்பில் சேர்த்தோம். இப்போது குளத்தின் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் போய் வருகிறாள். இறங்கும் முன் மட்டும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, தொப்பி யார் தலையில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்வாள்.

உங்களுக்கு இரண்டு வயதுப் பிள்ளை இருப்பதால், இதை மூடிவிட்டுக் குளியலறைக்குப் போய் அந்த வாளியைக் கவிழ்த்துவிட்டு வாருங்கள்.