எழுபத்திரண்டு ஹோம் ரன்களும் ஒரு பெட்ரோல் பங்க்கும்

கேள்வி: 2001-ஆம் ஆண்டு அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டக்காரர் பாரி பாண்ட்ஸ் ஒரே சீசனில் 73 ஹோம் ரன்கள் (பெரும்பாலும் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் அடி) அடித்தபோது, மார்க் மெக்வயரின் 70 என்ற சாதனை முறிந்ததாகத்தான் படித்திருக்கிறேன். ஆனால் 1954-இலேயே ஒருவர் 72 அடித்துவிட்டார் என்று என் நண்பர் சாதிக்கிறார். அப்படி ஒருவர் உண்மையிலேயே இருந்தாரா? இருந்தால், அவர் பெயர் ஏன் நம் காதில் விழவே இல்லை?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது சரி. அவர் பெயர் ஜோ பாமன். 1922-இல் ஒக்லஹோமா மாநிலத்தின் வெல்ச் என்ற சிற்றூரில் பிறந்தவர், ஆறடி ஐந்தங்குல உயரம், இடக்கை ஆட்டக்காரர், முதல் பேஸை (ஓடுபவர் வரிசையாகத் தொடவேண்டிய முனைகளில் முதலாவதை) காப்பவர். மெக்வயரின் 70, மேஜர் லீக் எனப்படும் உச்ச நிலைப் போட்டிகளுக்குள் மட்டுமே சாதனை. அமெரிக்காவின் தொழில்முறைப் பேஸ்பால் முழுவதையும் கணக்கில் எடுத்தால், ஒரே சீசனில் மிக அதிக ஹோம் ரன்கள் அடித்தவர் என்ற இடத்தை 1954 முதல் 2001 வரை, 47 ஆண்டுகள், பாமனே வைத்திருந்தார்.

அவர் பெயர் பரவாததற்குக் காரணம், அவர் அடித்த இடம். நியூ மெக்ஸிகோ மாநிலத்து ராஸ்வெல் நகரின் 'ராக்கெட்ஸ்' அணிக்காக, 'லாங்ஹார்ன் லீக்' என்ற போட்டித் தொடரில் அவர் ஆடினார். (1947-இல் பறக்கும் தட்டு விழுந்ததாகப் பரபரப்பு எழுந்ததே, அதே ராஸ்வெல்தான், அந்த ஊரின் புகழையெல்லாம் தட்டு எடுத்துக்கொண்டது, பாமனுக்கு மிச்சம் வைக்கவில்லை.) மேஜர் லீக்குக்குக் கீழே இருந்த தொழில்முறைத் தொடர்களான மைனர் லீக்குகள் அக்காலத்தில் மூன்று 'ஏ', இரண்டு 'ஏ', ஒற்றை 'ஏ', அதற்குக் கீழே 'பி', 'சி', 'டி' என்று படிப்படியாக வகுக்கப்பட்டிருந்தன. லாங்ஹார்ன் லீக் 'சி' வகுப்பு, அதாவது கடைசிக்கு முந்தைய படி. ராஸ்வெல், ஆர்டீசியா, மிட்லண்ட், ஒடெஸ்ஸா, ஸ்வீட்வாட்டர் போன்ற ஊர்களின் அணிகள் மேற்கு டெக்சாஸுக்கும் தென்கிழக்கு நியூ மெக்ஸிகோவுக்கும் இடையில் பேருந்திலேயே அலைந்து ஆடிய அந்தத் தொடரை, நியூயார்க்கின் செய்தியாளர்கள் அன்றாடம் கவனித்திருக்க வாய்ப்பே இல்லை.

கேள்வி: அந்த 72-ஐ அவர் எப்படி எட்டினார்?

பதில்: முதலில், அவருக்கு முன்னால் நின்ற எண் 69. மினியாபொலிஸ் அணியின் ஜோ ஹாசர் 1933-இலும், அமரில்லோ அணியின் பாப் குரூஸ் 1948-இலும் ஆளுக்கு 69 அடித்து, அந்த இடத்தைப் பங்கிட்டுக் கொண்டிருந்தார்கள். 1954 ஆகஸ்ட் இறுதியில் ஸ்வீட்வாட்டருக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன்கள் அடித்துப் பாமன் 68-க்கு வந்தார். அடுத்து 69-ஐயும் தொட்டார். அத்தோடு மட்டை அடங்கிப்போனது. சீசனின் கடைசி நாளான செப்டம்பர் 5 அன்று ஆர்டீசியா ஊரில், அதுவும் எதிரணியின் மைதானத்தில், அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள் மட்டுமே மிச்சமிருந்தன.

ராக்கெட்ஸ் அணியின் மேலாளர் பாட் ஸ்டேசி அன்று ஒரு சிறு தந்திரம் செய்தார். வழக்கமாக எப்படியாவது பேஸை எட்டிவிடும் வேகக்காரர்தான் முதலில் மட்டை பிடிப்பார். அந்த இடத்தில், கூடுதலாக ஒரு வாய்ப்பாவது கிடைக்கட்டும் என்று, அணியின் மிகக் கனமான ஆளைக் கொண்டுபோய் நிறுத்தினார். முதல் ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸிலேயே 70-ஆவது ஹோம் ரன் வேலியைத் தாண்டியது. இரண்டாவது ஆட்டத்தில் மேலும் இரண்டு. ஆர்டீசியா அவருக்கு அந்நிய ஊரும் அன்று. முந்தைய இரண்டு ஆண்டுகளும் அந்த ஊர் அணிக்குத்தான் ஆடி, 1952-இல் 50, 1953-இல் 53 ஹோம் ரன்கள் அடித்திருந்தார்.

அந்த ஆண்டுக் கணக்கு முழுவதையும் பார்த்தால் ஹோம் ரன் மட்டுமே அவருடைய பலம் என்று சொல்ல முடியாது. 138 ஆட்டங்கள், 498 மட்டை வாய்ப்புகள், 199 ஹிட்கள் (பந்தை அடித்துப் பேஸை எட்டியவை), அடித்துக் கொடுத்த ரன்கள் 224, பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், சரியாக வீசாமல் அல்லது வீச அஞ்சி அவரை முதல் பேஸுக்கு நடக்க விட்டது 150 முறை. சராசரி, அதாவது ஹிட்களை மட்டை வாய்ப்புகளால் வகுத்து வருவது, .400 என்று ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. வகுத்துப் பார்த்தால் .3996 தான் வரும்; மூன்று இலக்கத்துக்கு முழுமையாக்கும் வழக்கம் அவருக்கு அந்தப் பெருமையைக் கொடுத்தது.

கேள்வி: இவ்வளவு திறமை இருந்தும் மேஜர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை என்கிறார்களே. யார் அவரைத் தடுத்தது?

பதில்: ஒருவர் தடுத்தார் என்பதைவிட, காலமும் கணக்கும் சேர்ந்து தடுத்தன என்பதே பொருந்தும், கடைசி முடிவு அவருடையதாகவும் இருந்தது. 1941-இல், 19 வயதில், ஆர்கன்சாவின் நியூபோர்ட் அணியில் அவர் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கினார். அடுத்து வந்தது போர். அவர் கடற்படையில் சேர்ந்து, ஒக்லஹோமாவின் நார்மன் விமானத் தளத்து அணிக்காக ஆடினார். ஆகவே மட்டையைக் கீழே போட்டுவிடவில்லை. ஆனால் ஓர் இளம் ஆட்டக்காரர் படிப்படியாக மேலேறவேண்டிய ஆண்டுகள் அப்படியே கழிந்தன. 1946-இல் அமரில்லோ அணிக்குத் திரும்பி, அந்த ஆண்டு 48-உம் அடுத்த ஆண்டு 38-உம் அடித்தார். அப்போதுதான் மேஜர் லீக் அணியான பாஸ்டன் பிரேவ்ஸ் நிறுவனத்தின் கண் அவர்மீது பட்டது.

1948-இல் பிரேவ்ஸின் கிளை அணியான மில்வாக்கிக்காக ஒரே ஓர் ஆட்டம். மூன்று 'ஏ' படியில் அவர் நின்றது அவ்வளவே. அங்கிருந்து இறக்கி ஹார்ட்ஃபோர்டு அணிக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் அடித்தது 10 ஹோம் ரன்கள்தான். வயது 26. அடுத்த ஆண்டுக்கு நிறுவனம் சொன்ன சம்பளத்தைக் கேட்டுவிட்டு, ஒக்லஹோமா நகரத்துத் தெருமுனையில் ஷூ கயிறு விற்றாலே அதைவிட அதிகம் சம்பாதிப்பேன் என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு ஊர் திரும்பினார்.

இந்தப் பதிலை வீறாப்பு என்று ஒதுக்கிவிடலாகாது. அன்றைய ஒப்பந்தங்களில் 'ரிசர்வ் பிரிவு' என்று ஒன்று உண்டு. ஓர் ஆட்டக்காரரின் ஒப்பந்தக் காலம் முடிந்தாலும், அவருடைய உரிமை அதே அணியிடம்தான் இருக்கும். வேறு அணியிடம் போய் விலை பேச முடியாது. கொடுத்த சம்பளத்துக்கு ஆடலாம், அல்லது ஆடாமல் இருக்கலாம். 1975-இல், ஒப்பந்தத் தகராறைத் தீர்க்க அமர்த்தப்பட்ட நடுவர் ஒருவரின் தீர்ப்பு அந்தப் பிடியைத் தளர்த்தும்வரை அதுவே நடைமுறை. மேஜர் லீக்கில் அன்று 16 அணிகள், ஓர் அணிக்கு 25 பேர். ஆக மொத்தம் 400 இடங்கள். கீழேயோ, 1949-இல் மட்டும் 59 மைனர் லீக்குகள். மேலே ஏறும் வாய்ப்பு எவ்வளவு குறுகியது என்பதை ஆட்டக்காரர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

பாமன் ஒக்லஹோமாவின் எல்க் சிட்டியில், தொழில்முறை அமைப்புக்கு வெளியே இருந்த உள்ளூர் அணி ஒன்றில் மூன்று ஆண்டுகள் ஆடினார். அங்கே '66-ஆம் எண் நெடுஞ்சாலை'யில் ஒரு பெட்ரோல் பங்க்கும் நடத்தினார். சம்பளம், கடை வருமானம், சொந்த மாநிலம் மூன்றும் ஒருசேர அமைந்தபோது, ஹார்ட்ஃபோர்டில் உட்கார்ந்து அழைப்புக்காகக் காத்திருப்பதில் என்ன லாபம்? நான் அவருடைய இடத்தில் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன் என்று தோன்றுகிறது. 1952-இல் அவர் மீண்டும் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தபோது வயது 30. அந்த வயதில் ஒரு 'சி' வகுப்பு ஆட்டக்காரரை மேலே எடுக்க யாரும் முன்வருவதில்லை.

கேள்வி: தாழ்ந்த படியில் ஆடிய தொடரில் அடித்ததைச் சாதனை என்று சொல்லலாமா? பிட்சர்கள் பலவீனமாக இருந்திருப்பார்களே?

பதில்: இருந்தார்கள். அதோடு ராஸ்வெல் கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள, வறண்ட ஊர். காற்றின் அடர்த்தி குறைந்தால் பந்துக்குத் தடை குறையும். அதே அடிக்குப் பந்து சற்றுக் கூடுதல் தொலைவு போகும். இவற்றையெல்லாம் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதே காற்றில், அதே பிட்சர்களுக்கு எதிராக, அந்த லீக்கில் வேறு எவரும் 72-க்கு அருகில்கூட வரவில்லை என்பதையும் மறக்கவேண்டாம். டிக் ஸ்டூவர்ட் என்பவர் 1956-இல் லிங்கன் அணிக்காக ஒற்றை 'ஏ' படியில் 66 அடித்தார். இரண்டே ஆண்டுகளில் மேஜர் லீக்குக்குப் போய் அங்கேயும் ஹோம் ரன்களைக் குவித்தார். ஆகவே கீழ்ப்படி எண்களை மொத்தமாகத் தள்ளிவிடுவதும் நியாயமில்லை. பாமன் மேலே போயிருந்தால் எத்தனை அடித்திருப்பார் என்ற கேள்விக்கு மட்டும் நான் விடை சொல்லப்போவதில்லை. அது வெறும் ஊகமாகவே முடியும்.

கேள்வி: அந்தச் சிறு ஊரில் 72 ஹோம் ரன்களால் அவருக்கு என்ன கிடைத்தது?

பதில்: பணம் கிடைத்தது, அதுவும் விந்தையான வழியில். ஹோம் ரன் அடித்தவர் ஓடி முடித்ததும், பார்வையாளர்கள் தங்களுக்கு முன்னால் இருக்கும் கம்பிவலையின் கண்களில் டாலர் நோட்டுகளைச் செருகுவார்கள். அடித்தவர் வலை ஓரமாகவே நடந்து அவற்றை உருவிக்கொள்வார். உள்ளூர் இறைச்சி நிறுவனம் ஒன்று ஹோம் ரன்னுக்கு ஒரு பன்றித் தொடை என்று பரிசு கொடுத்தது. சம்பளம் சொற்பமாக இருந்த லீக்கில் இவை அலட்சியப்படுத்தக்கூடிய வருமானம் அல்ல.

1955-இல் அவர் 46 அடித்தார். 1956-இல் கணுக்காலில் அடிபட்டு, 17-உடன் நிறுத்திக்கொண்டார். மைனர் லீக்குகளில் மொத்தம் 337 ஹோம் ரன்கள்; மட்டைச் சராசரியும் .337. தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்தபின் சிற்றூர் மைதானங்கள் காலியாகிவந்த காலம் அது. லாங்ஹார்ன் லீக் 1955-உடன் பெயர் மாறி, ஓரிரு ஆண்டுகளில் மறைந்தும் போனது. பாமன் ராஸ்வெல்லிலேயே தங்கி, தம் பெயரிட்ட டெக்சாகோ பெட்ரோல் பங்க்கை நடத்தி, 2005 செப்டம்பர் 20 அன்று அந்த ஊரிலேயே காலமானார். அங்குள்ள மைதானம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2002 முதல், மைனர் லீக்குகளில் ஆண்டுதோறும் மிக அதிக ஹோம் ரன்கள் அடிப்பவருக்கு அவர் பெயரில் விருது வழங்கப்பட்டு வருகிறது. அதனுடன் ஒரு காசோலையும் உண்டு: அடித்த ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் 200 டாலர் என்ற கணக்கில்.