கற்பனை நாட்டுக்கு ஒரு மொழி

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். ஆறு ஐந்தாகப் பிரியும் ஒரு கற்பனை நாட்டை வைத்து நாவல் எழுதுகிறேன். அந்த மக்களுக்கென்று நானூறு சொற்கள் செய்திருக்கிறேன். 'நான் நாளை வயலுக்குப் போவேன்' என்பது அவர்கள் மொழியில் 'மிரு தோக்கா பலினுசா செர்கே'. இது போதுமா? எழுத்துருவும் வேண்டுமா?

செ.

அன்புள்ள செ.,

நான்கு தமிழ்ச் சொற்களின் இடத்தில் நான்கு புதுச் சொற்கள், அதே வரிசையில். நான்காம் வேற்றுமை உருபுகூட இடம் மாறவில்லை. சிறுவர்களின் 'க' பாஷையைப் போல, சூத்திரம் தெரிந்தால் உள்ளே இருப்பது தமிழ்தான். நானூறை நாலாயிரம் ஆக்கினாலும் அப்படியே.

1984இல் வந்த 'ஸ்டார் ட்ரெக்' படத்துக்காகக் கிளிங்கன் என்ற வேற்றுக்கிரகவாசிகளின் மொழியை வளர்த்தெடுத்த மொழியியலாளர் மார்க் ஓக்ரண்ட், செயப்படுபொருள், வினை, எழுவாய் என்ற வரிசையை வைத்தார். உலக மொழிகளில் அரிது என்பதால்தான். ஆங்கிலக் காதுக்கு அது விநோதம். நாமோ 'மீனைத் தின்றது கொக்கு' என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவோம். ஆகவே விநோதத்தை அங்கிருந்து கடன் வாங்காதீர்கள். தமிழ் எதைச் செய்யாது என்று பாருங்கள்.

தொல்காப்பியம் சொல்லின் முதலில் வரும் எழுத்துகளை வரையறுக்கிறது. அதில் இடம் கிடைக்காத ர, ல, ட ஆகியவை ரயில், லாரி, டீ என்று உள்ளே வந்துவிட்டன. ழ, ள, ண இன்னும் வாசலில்தான் நிற்கின்றன. 'ழேவு', 'ளாக்', 'ணுமி' என்று தொடங்குங்கள். தமிழ் எழுத்திலேயே எழுதலாம். நாக்கு மட்டும் தடுமாறும்.

அடுத்து வினை. நம் வினைமுற்று பெரும்பாலும் திணை, பால், எண், இடம் காட்டும். உங்கள் மக்களின் வினை, செயல் நீரோட்டத்தோடு நடந்ததா, எதிர்த்து நடந்ததா என்று காட்டட்டும். கடைமடைக்காரன் தண்ணீர் கேட்டுத் தலைமடைக்கு வந்தால், எங்கிருந்து வருகிறான் என்பதை விகுதியே காட்டிக்கொடுத்துவிடும். அவன் விகுதியை மாற்றிப் பொய் சொன்னால் உங்களுக்கு ஓர் அத்தியாயம் கிடைக்கும். (எனக்கே எழுத ஆசையாக இருக்கிறது.)

ஐந்து கிளைக்கும் ஒரே பேச்சாக இருக்காது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன், தன் கற்பனை மூலமொழி ஒன்றிலிருந்து ஒலிகளை ஒழுங்காகத் திரித்துக் குவென்யா, சிந்தாரின் என்ற இரண்டு எல்ஃப் மொழிகளையும் பிறப்பித்தார். உங்களுக்கு இரண்டு கிளைமொழி போதும்: மேலே 'ழ', கடலோரத்தில் அது 'ய' ஆகட்டும்.

எழுத்துரு வேண்டாம். நாவல் தமிழில்தானே அச்சாகப் போகிறது? மதகுக் கல்லில் பொறித்ததுபோல நாலைந்து எழுத்து வரைந்து அட்டை ஓவியரிடம் கொடுங்கள், மகிழ்வார்.