சர்க்கரை அளவு சரிதான். கழுத்து ஏன் கருக்கிறது?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது, உயரம் 150 செ.மீ., எடை 60 கிலோ. ஓராண்டாக அவனுடைய பின்கழுத்து கருத்துக்கொண்டே வருகிறது. அழுக்கென்று நினைத்து எவ்வளவு தேய்த்துக் குளிப்பாட்டியும் போகவில்லை. என் கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. இவன் வயிற்றில் இருந்தபோது எனக்கும் சர்க்கரை இருந்தது. வெறும் வயிற்றில் எடுத்த பரிசோதனையில் அவனுக்கு 94 என்று வந்திருப்பதால் நிம்மதியாக இருக்கலாமா? இன்சுலின் அளவையும் பார்க்க வேண்டுமா?

பதில்: முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள், பாவம், அந்தக் கழுத்து என்ன செய்யும்! தொட்டால் வெல்வெட் துணிபோலத் தடித்து, மடிப்புகளில் கருமை படர்ந்திருந்தால் அது பெரும்பாலும் 'அகந்தோசிஸ் நிக்ரிகன்ஸ்' எனப்படும் மாற்றம்தான். இரத்தத்தில் அளவுக்கு மீறி இருக்கும் இன்சுலின் தோல் செல்களை வளரத் தூண்டுவதால் இது வருகிறது. அக்குளிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்சுலின் ஏன் மிகுகிறது? வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் கொழுப்பு சேரும்போது தசைகளும் கல்லீரலும் இன்சுலினின் கட்டளைக்குச் சரிவரப் பணிவதில்லை. இதுதான் இன்சுலின் எதிர்ப்பு. ஆகவே கணையம் கூடுதலாகச் சுரந்து சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கிறது. உங்கள் மகனின் 94 இயல்பான அளவுதான் என்றாலும், அதைக் காப்பாற்றக் கணையம் படும் பாடு அந்த அறிக்கையில் தெரியாது. பருவமடையும் வயதில் வளர்ச்சி ஹார்மோன் கூடுவதால் எல்லாப் பிள்ளைகளுக்குமே இந்த எதிர்ப்பு சற்று ஏறி, பிறகு தணிந்துவிடும். உடற்பருமன் உள்ள பிள்ளைக்கோ அது ஏற்கெனவே சுமக்கும் பாரத்தின்மேல் இன்னொரு பாரமாக ஏறுகிறது. இளவயதில் வரும் இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் சுரக்கும் செல்கள் பெரியவர்களைவிட வேகமாகத் தளர்ந்துவிடுகின்றன என்பதுதான் எனக்குக் கவலை தரும் செய்தி.

கூடுதல் எடையோடு பெற்றோரின் நீரிழிவு, தாயின் கர்ப்பகாலச் சர்க்கரை, தோல் கருமை போன்ற அறிகுறிகளில் ஒன்றேனும் இருந்தால் 10 வயதிலிருந்தோ, அதற்கு முன்பே பருவமடைந்தால் அப்போதிருந்தோ பரிசோதிக்க வேண்டும். உங்கள் மகனுக்கு மூன்றுமே இருக்கின்றன. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 வரையோ, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரையோ இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. எனவே எச்பிஏ1சியையும், இரத்த அழுத்தம், கொழுப்பு, கல்லீரல் நொதி ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். இன்சுலின் அளவைப் பார்க்கத் தேவையில்லை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும் அந்த எண்ணால் சிகிச்சை மாறப்போவதில்லை.

பட்டினி போடாதீர்கள். வளரும் பிள்ளை என்பதால், 60 கிலோவிலேயே நின்று 160 செ.மீ. உயரத்தை எட்டினால் உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் அவனுடைய பிஎம்ஐ 26.7-லிருந்து 23.4 ஆகிவிடும். இனிப்பூட்டிய பானங்களை அவனுக்கு மட்டுமல்லாமல் வீட்டில் எல்லாருக்குமே நிறுத்துங்கள். நாளொன்றுக்கு 60 நிமிடமாவது ஓடி விளையாடட்டும். உழைக்கும் தசை இன்சுலினின் தயவில்லாமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்சுலின் எதிர்ப்பு குறையும்போது கழுத்தும் மெல்ல வெளுக்கும். களிம்பு தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: 15 வயதாகும் என் மகளுக்கு எடை அதிகம், மாதவிடாய் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. இதற்கும் இன்சுலினுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. மிகையான இன்சுலின் சினைப்பையை ஆண் ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கச் செய்வதால் மாதவிடாய் தள்ளிப்போகலாம். முகத்தில் பருவும் முடியும் மிகலாம். தைராய்டு போன்ற வேறு காரணங்களும் இருக்கக்கூடுமாதலால் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரைப் பரிசோதனையையும் அப்போதே செய்துவிடலாம்.