சூரிச்சிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு எவ்வளவு தூரம்? விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்?

நேர்கோட்டில் ஏறக்குறைய 790 கிலோமீற்றர். வானில் இருக்கும் நேரம் ஒரு மணி இருபது நிமிடம் முதல் ஒன்றரை மணிவரை. கேட்டதற்கான பதில் இவ்வளவுதான். ஆனால் நீங்களும் லண்டனில் ஏதோவொரு நல்ல காரியத்துக்கு நேரம் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று எண்ணுவதால், இந்த எண்ணை நம்பி நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணரின் மகனுக்கு லண்டன் ஹரோவில் திருமணம், முகூர்த்தம் 10.30 முதல் 11.15 வரை. கூறைச்சேலையைக் கொண்டுபோகும் பொறுப்பு சித்தப்பாவான எனக்கு. முதல் நாளே போயிருக்கலாமே என்று கேட்பவர்கள், வெள்ளி இரவுவரை வேலை செய்பவனிடம் விடுமுறை கேட்டுப் பார்க்கட்டும். பயணச்சீட்டில் புறப்பாடு 7.20, வருகை 8.05 என்றிருந்தது. லண்டன் கடிகாரம் ஒரு மணி பின்னால் ஓடுவதால் முக்கால் மணிப் பயணம்போலத் தெரிந்தாலும், உண்மையில் அது ஒன்றே முக்கால் மணி. விமானம் வாயிலைவிட்டு நகர்வதிலிருந்து மறுமுனை வாயிலில் நிற்பதுவரை உள்ள நேரத்தையே அவர்கள் அச்சிடுகிறார்கள். தூரக் கணிப்புத் தளங்களோ தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்துவிட்டு ஓய்ந்துவிடுகின்றன. மேற்கிலிருந்து வீசும் எதிர்காற்றும் தெரியாது, ஹீத்ரோவின் நெரிசலும் தெரியாது.

ஹீத்ரோவில் ஓடுபாதை இரண்டே. விமானங்கள் புறப்படுவதும் இறங்குவதும் சேர்த்து ஆண்டுக்கு 4,80,000 தடவை என்பது அதன் உச்சவரம்பு. காலையில் வரிசை நீண்டால் வரும் விமானங்களை பொவிங்டன், லாம்போர்ன், ஒக்கம், பிகின் ஆகிய நான்கு இடங்களுக்கு மேலே, ஒன்றன்மேல் ஒன்றாக ஆயிரம் அடி இடைவெளியில் சுற்றவிடுவார்கள். நாங்கள் இருபத்தைந்து நிமிடம் சுற்றினோம். இறங்கிய பின்னர் நிறுத்துமிடம் காலியாக இன்னும் இருபது நிமிடம். சுவிஸ் கடவுச்சீட்டு இருந்ததால் தானியங்கி வாயிலில் விரைந்து போய்விடலாம் என்றிருந்தேன். கூட வந்த மகனுக்கு ஏழு வயது, அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அந்த வழி இல்லை. ஆகவே அலுவலர் முன்னிலையில் நீண்ட வரிசை, அது முடிய 9.35.

மண்டபத்தை அடைந்தபோது 10.40. கூறையைச் சபையோர் தொட்டு ஆசீர்வதித்து, மணமகள் அதை உடுத்தி வர அரை மணி நேரமாவது வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஐயர் மந்திரத்தை நீட்டிக்கொண்டிருந்தார். முகூர்த்தம் முடிய நான்கு நிமிடம் இருக்கையில் தாலி ஏறியது. "சூரிச் பக்கத்தில்தானே இருக்கிறது, எட்டு மணிக்கு இறங்கியவனுக்கு இவ்வளவு நேரமா?" என்று அண்ணி கேட்டது இன்றும் உறைக்கிறது. பேர்னில் வீட்டைவிட்டு அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டவன் நான். கடிகார வித்தியாசத்தையும் சேர்த்தால் ஏழு மணி நாற்பது நிமிடம்.

ஆகவே காலை நிகழ்ச்சி என்றால் முதல் நாளே போய்விடுங்கள். திரும்பும்போது அந்த ஒரு மணி கூடும். மாலை ஆறு மணிக்கு ஏறினால் சூரிச்சில் ஏறக்குறைய 8.45 ஆகியிருக்கும். அழைத்துப்போக வருபவருக்கு அந்த நேரத்தைச் சொல்லுங்கள்.